களத்துக்குக் கிளம்பும் முன்: பெண்களின் வேலையை ஆராய வருபவர்களுக்கு

பாலினம், வேலை, சாதி, குடும்பம் என்று ஏதோ ஒரு தலைப்பில் முனைவர் பட்டத்துக்கோ எம்.ஏ. திட்டக் கட்டுரைக்கோ பதிவு செய்திருப்பீர்கள். கோட்பாடு சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். எந்தத் தாளை யாரிடம் எப்போது கொடுப்பது, எதற்கு எவ்வளவு செலவாகும், எது எத்தனை மாதம் இழுக்கும் என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. தென்காசி, திருநெல்வேலி பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களிடம் ஆய்வு செய்தபோது இதையெல்லாம் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் உதாரணங்கள் பீடியிலிருந்தே வரும். திருப்பூர் பனியன் கம்பெனியோ, ஆம்பூரில் வீட்டில் நடக்கும் செருப்புத் தையலோ உங்கள் தலைப்பாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. காலண்டரைப் போட்டுவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்

யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் தரலாம் என்று அதே விதி சொல்கிறது. உங்களுக்கு இது தேவைப்பட்டால் விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு போய்விடும். பெண்களின் வேலையை ஆராயும் துறையிலேயே இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

நேரத்தை விழுங்கும் இடங்கள் இரண்டு: நெறிமுறைக் குழு (மனிதர்களிடம் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் குழு) அனுமதி, ஒலிப்பதிவை எழுத்தாக்குதல். முதலாவதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பல நிறுவனங்களில் குழு மாதாமாதம் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருப்புதான். விண்ணப்பம் வாங்கும் கடைசித் தேதி கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

களத்துக்கும் ஒரு காலண்டர் உண்டு. தேர்தல் நேரத்தில் வெளியூர் ஆள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால் எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் ரமலான் மாதத்தில் நீண்ட பேட்டிக்குப் பெண்களை உட்கார வைப்பது நியாயமில்லை. கோயில் கொடைத் திருவிழா வாரத்தில் ஊரே வேறு மாதிரி இருக்கும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், கேள்வித்தாளை வெளியே எடுக்க வேண்டாம்.

2. ஏற்கெனவே இருக்கும் தரவை இறக்குங்கள்

களத்துக்குப் போகும் முன் அரசின் தரவை நீங்களே திறந்து பார்த்துவிட வேண்டும். அறிக்கையைப் படிப்பது போதாது.

முதலில் பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் தனிநபர் அளவிலான கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். தரவை விற்றுத் தருகிறேன், சுத்தம் செய்து தருகிறேன் என்று வருபவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கோப்பைத் திறந்தால் வரிசை வரிசையாக எண்கள் மட்டுமே இருக்கும். எந்த இடத்து எண் எதைக் குறிக்கிறது என்பதற்குத் தனி எக்செல் தாளும் ஒரு ரீட்மீ கோப்பும் உண்டு. ரீட்மீயைப் படிக்காமல் கூட்டல் போட்டால் எல்லாமே தப்பாகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எடை, அதாவது அந்த வரி மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண், உண்டு. பழைய ஆண்டுக் கோப்புகளில் அந்த எடையைச் சில வரிகளுக்கு 100-ஆலும் சில வரிகளுக்கு 200-ஆலும் வகுக்க வேண்டும். எதற்கு எது என்பது அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. நீங்கள் போட்ட எண் சரியா என்று பார்க்க எளிய வழி: அச்சிட்ட அறிக்கையில் உள்ள ஏதாவது ஒரு அட்டவணையை நீங்களே திரும்ப வரவழைத்துப் பாருங்கள். அது வந்தால் மேலே போகலாம்.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் படையில் (வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தது) இருப்போர் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். இதை எடுத்துப் போட்டு "பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்" என்று முதல் அத்தியாயத்தை ஆரம்பிப்பவர்கள் நிறைய. இந்த உயர்வில் பெரும்பகுதி கிராமப்புறத்துச் சுயதொழிலிலும், குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உதவுகிறவர்கள் என்ற வகையிலும் இருக்கிறது. குறியீடுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இது தெரியும். 11 தனித்துச் சுயதொழில், 21 கூலியில்லாக் குடும்ப உதவி, 31 மாதச் சம்பளம், 51 தினக்கூலி. 92 வீட்டு வேலை மட்டும். 93 வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்கு வேண்டியதைத் தைப்பது போன்றவை. 92, 93 இரண்டும் தொழிலாளர் படைக்கு வெளியே. 21-க்கும் 93-க்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பது களத்தில் ஒரு வாரம் இருந்தால் புரிந்துவிடும்.

பீடிக்காரர்களுக்கு இன்னொரு பொறி. கம்பெனி இலையும் தூளும் கொடுத்து, வீட்டில் சுற்றி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணை இந்தக் கணக்கெடுப்பு சுயதொழில் செய்பவராகவே பதிகிறது. அவர் கையில் பி.எஃப். இருக்கலாம், பீடித் தொழிலாளர் அட்டை இருக்கலாம். தரவில் அவர் தொழில்முனைவோர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். 2018-ல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர்கள் இப்படிப்பட்டவர்களுக்குச் சார்பு ஒப்பந்ததாரர் என்று தனி வகையே உண்டாக்கினார்கள். உங்கள் ஆய்வில் எந்த வகையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.

மாவட்ட எண் வேண்டும் என்று பழைய ஆண்டுகளின் கோப்பைக் கிழிக்காதீர்கள். மாநிலம் 33 என்று வடிகட்டி, அப்புறம் பெண்கள், அப்புறம் பீடிக்கான தொழில் குறியீடு, அப்புறம் ஒரே மாவட்டம் என்று போனால் மிஞ்சுவது ஒரு கைப்பிடி வரிகள். அதை வைத்துச் சதவீதம் போடக் கூடாது. 2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பின் வடிவம் மாறி, மாதாந்திர மதிப்பீடும் வருகிறது. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டால் தேர்வாளர் அங்கேயே நிறுத்துவார்.

இரண்டாவது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2019-லும் 2024-லும் நடந்தது. குடும்பத்தாருக்காகக் கூலியில்லாமல் செய்யும் வீட்டு வேலையில் ஈடுபடுபவர்களில், ஒரு நாளைக்குப் பெண்கள் செலவிடும் நேரம் 2019-ல் 299 நிமிடம், 2024-ல் 289. ஆண்கள் 97-லிருந்து 88. ஆண்களுடையதும் இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். பெண்களின் 10 நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதிவிட வேண்டாம். இந்தக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளையும் இறக்கி வையுங்கள். ஆறாவது படியில் அது வேலைக்கு வரும்.

3. நெறிமுறைக் குழுவுக்கான கட்டு

குழுவுக்குக் குழு சிறு வித்தியாசம் இருக்கும். பொதுவாகக் கேட்பவை: ஆய்வு முன்மொழிவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வித்தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், நெறியாளரின் கடிதம், உங்கள் தன்விவரம், செலவுத் திட்டம், தரவை எங்கே எத்தனை ஆண்டு வைப்பீர்கள் என்ற குறிப்பு. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் மருத்துவ ஆய்வுக்கானவை என்றாலும், சமூகவியல் துறைகளின் குழுக்களும் அதையே கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும். ஒப்புதல் பற்றிய அத்தியாயத்தையாவது படித்துவிட்டுப் போங்கள்.

இங்கே பொதுவாக விழும் குழிகளைச் சொல்கிறேன்.

தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து கணினி மொழிபெயர்ப்பில் எடுத்து வைப்பது. "நீங்கள் எந்த நேரத்திலும் பங்கேற்பைத் திரும்பப் பெறுவதற்கான உரிமையைக் கொண்டிருக்கிறீர்கள்" என்று இருந்தால் யாருக்கும் புரியாது. "பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்திவிடலாம், அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதுங்கள். எழுதியதைக் களத்து ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து. உங்கள் சொந்த எண்ணைத் தராமல் ஆய்வுக்கென்று ஒரு சிம் வாங்கி அதைப் போடுங்கள்.

அடுத்தது கையெழுத்து. இங்குள்ள பெண்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு குழுக் கடனில் இருக்கிறார்கள். தெரியாத ஆள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது அவர்களுக்குக் கடன் சம்பந்தப்பட்ட காரியம். "இதுல கையெழுத்து போட்டா எதுவும் வராதுல்லா?" என்று கேட்டுவிட்டு, போடவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் இருப்பார்கள். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்துகொள்கிறேன் என்று காரணத்தோடு முதல் விண்ணப்பத்திலேயே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டும் என்றால் திருத்த விண்ணப்பம், மறுபடி ஒரு கூட்டம், மறுபடி காத்திருப்பு.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பேசுவதாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலும் அந்தப் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். பேசப் போவதில்லை என்றாலும் ஒரு பத்தி எழுதியாக வேண்டும்: பீடி சுற்றும் வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் நூல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். பார்த்தால் என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள், எந்தக் கட்டத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பீர்கள் என்று நெறியாளரோடு பேசி முடிவெடுத்து வையுங்கள். அங்கே நின்றுகொண்டு யோசிக்க முடியாது.

பேசியவர்களுக்குப் பணம் கொடுப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவரைக் குழு விவாதத்துக்கு அழைத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அவருக்கு அன்றைய கூலியில் ஓட்டை விழுகிறது. எல்லோருக்கும் ஒரே தொகை, விவாதம் முடிந்த பிறகு, பாதியில் எழுந்து போனவருக்கும் சேர்த்து. இதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

4. அலுவலகங்களும் ஆர்.டி.ஐ.யும்

வீடுகளுக்குப் போக அரசு அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிமுகக் கடிதம் ஒன்று தமிழில் பையில் இருக்கட்டும். ஊராட்சித் தலைவர், ஜமாத், ஊர்ப் பெரியவர் யாரையாவது முதல் நாளே பார்த்து அதன் நகலைக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் வழிமறிக்க மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கம்பெனி ஆளையோ கண்டிராக்டரையோ கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போகாதீர்கள். அவர் முன்னால் கூலி சரியாகத்தான் இருக்கும், இலை நன்றாகத்தான் இருக்கும்.

பதிவேட்டுத் தகவல் வேண்டும் என்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் மனு. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் போடலாம். பி.எஃப். அலுவலகம் மத்திய அரசுடையது, அதற்கு மத்தியத் தளம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "2020 முதல் 2024 வரை ஆண்டுவாரியாகப் பெறப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கை, பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி ஆராய்பவர்களுக்கு இது நல்ல வழி: 2013 சட்டப்படி மாவட்ட அலுவலருக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கைகளின் எண்ணிக்கையை மாவட்ட வாரியாகக் கேட்கலாம். பதில் வராவிட்டாலோ போதாவிட்டாலோ முதல் மேல்முறையீட்டைப் போட 30 நாள் அவகாசம், இரண்டாவதுக்கு 90 நாள். ஆக, ஒரு தகவலுக்கு அரை ஆண்டு போய்விடலாம். தலைப்புப் பதிவானவுடனேயே போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

சட்டம் பற்றி எழுதும்போது ஒன்று: பழைய கட்டுரைகள் எல்லாம் 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைப் பேசும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் களப்பணி எந்தத் தேதியில் நடந்தது, அப்போது எது அமலில் இருந்தது என்று பிரித்து எழுதுங்கள்.

5. பணம்

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000, அதோடு ஆண்டுக்கு 20,000 தற்செலவு நிதி. எந்த உதவித்தொகையும் மாதம் பிறந்ததும் கணக்கில் விழும் என்று நம்பிக் களத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நான்கு மாதம் தள்ளி மொத்தமாக வருவது சகஜம். அதுவரை ஓட்ட என்ன வழி என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவில் எல்லோரும் மறப்பது எழுத்தாக்கம். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத, பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். வெளியே கொடுத்தால் நிமிடக் கணக்கில் கேட்பார்கள். மொத்த ஒலிப்பதிவு எத்தனை மணி நேரம் வரும் என்று முன்பே பெருக்கிப் பார்த்தால், போக்குவரத்தைவிட இதுதான் பெரிய தொகை என்று தெரியும். பெண்ணாகவோ திருநராகவோ இருந்தால் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசில்லாமலே களத்தைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் கிராமத்து டவுன் பஸ்ஸுக்கு நேரம் உண்டு, கடைசி வண்டியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி சுவாரஸ்யமாகப் போகும்போதுதான் வண்டி வரும். ஆட்டோ செலவுக்கு ஒரு வரி போடுங்கள்.

பில் எதையும் விடாதீர்கள். டீக்கடையில் பில் கிடைக்காது. தேதி, இடம், தொகை எழுதிய நோட்டு ஒன்றை நடத்தி, கணக்குப் பிரிவு ஏற்குமா என்று முன்பே கேளுங்கள்.

6. கேள்வித்தாள்: இங்கேதான் ஆய்வு நிற்கிறது, அல்லது விழுகிறது

மடியில் சுளகு, சுளகில் தூள், பக்கத்தில் ஈரத் துணியில் சுற்றிய இலை. விரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "என்ன வேலை பாக்கிய?" என்று கேட்டால் "வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருக்கேன்" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. வேலை என்றால் வெளியே போவது என்று ஊரே வைத்திருக்கிறது. ஆகவே "வேலை செய்கிறீர்களா" என்ற கேள்வியைத் தாளிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில் நேற்றைய நாளைக் கேளுங்கள். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முந்தைய நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி, மறுநாள் 4 மணி வரை அரை மணி அரை மணியாகக் கேட்கிறது. ஒரே அரை மணியில் செய்த மூன்று வேலை வரை பதியவும் இடம் வைத்திருக்கிறது. அந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடிகார நேரம் யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீர் திறந்தபோது, ஸ்கூல் வேன் வந்தபோது, பீடிக்கடைக்கு (கம்பெனிக்காக இலை கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கும் இடம்) போனபோது, சீரியல் ஓடியபோது என்று முளைகளை அடித்துக்கொண்டு நடுவில் என்ன செய்தார் என்று கேளுங்கள். உலையில் அரிசி, கையில் கத்தரி, முன்னால் வீட்டுப்பாடம் எழுதும் பையன். மூன்றையும் எழுதுங்கள். எதை முதன்மையாக எடுப்பது என்பதை அட்டவணை போடும்போது முடிவு செய்யலாம். கேட்கும்போது எதையும் வெட்ட வேண்டாம்.

கூலி அடுத்தது. "ஆயிரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் கம்பெனி சொல்லும் தொகை வரும், அது யாருக்கும் தெரிந்ததுதான். கைக்கு வருவது வேறு. வரிசையாகக் கேளுங்கள்: கொடுத்த இலையில் எத்தனை பீடி தேறியது? குறைந்ததற்குக் கடையில் இலை விலைக்கு வாங்கினீர்களா, எவ்வளவுக்கு? கடையில் எத்தனை பீடியைச் சரியில்லை என்று கழித்தார்கள்? கழித்ததைத் திருப்பிக் கொடுத்தார்களா, வைத்துக்கொண்டார்களா? பி.எஃப்.க்கு எவ்வளவு பிடித்தார்கள்? வாரத்தில் எத்தனை நாள் இலை போட்டார்கள்? இந்த ஆறேழு கேள்விக்குப் பிறகு வரும் எண்தான் கூலி. இதற்கு எளிய சான்று வீட்டிலேயே இருக்கிறது: கடையில் பதிந்து தரும் பாஸ்புக். அனுமதி கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுக்காதீர்கள்.

அந்தப் பாஸ்புக்கில் பெயர் யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் பெயரில் அட்டை, மருமகள் சுற்றுகிறார், நாத்தனார் இலை வெட்டுகிறார், வேலையில்லாத நாளில் வீட்டுக்காரரும் நூல் கட்டுகிறார் என்பது சாதாரணம். யார் தொழிலாளி? பி.எஃப். யாருக்குச் சேரும்? ஒப்புதல் யாரிடம் வாங்குவீர்கள்? அடையாளம், பாலினம், வேலை என்று தலைப்பில் போட்டிருப்பீர்களே, அது மொத்தமும் இந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், வீட்டுக்கு ஒரு தாள் என்று வைக்காமல் பீடியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைத்து, யார் எந்தப் பகுதியைச் செய்கிறார், காசு யார் கையில் வாங்குகிறார் என்று நிரப்பலாம்.

சாதி, மதம் பற்றிய கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், விருப்பமிருந்தால் சொல்லலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாலினத்தை நீங்களே பார்த்து டிக் போட வேண்டாம், கேட்டுப் போடுங்கள். திருநங்கை, திருநம்பி, மற்ற அடையாளங்களுக்கான சொற்களில் குழப்பம் இருந்தால் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொல் தொகுப்பைப் பின்பற்றலாம். படிவத்தில் "மற்றவை" என்ற கட்டத்தோடு முடித்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

தாள் முடிந்ததும் மூன்று நான்கு பேரிடம் முன்னோட்டம் பார்த்து, அதன்பின் திருத்தி, திருத்திய தாளைக் குழுவுக்குத் தெரிவியுங்கள். கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வீட்டு வாசலில்

உங்களைப் பேட்டி எடுத்த பிறகுதான் உங்களுக்குப் பேட்டி. எந்த ஊரு, யாரு மக, கல்யாணம் ஆயிட்டா, பிள்ளைகள் இல்லையா, இதைப் படிச்சு என்ன ஆகப் போறிய. எல்லாவற்றுக்கும் உண்மையான, சுருக்கமான பதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். சாதியைக் கண்டுபிடிக்கத் தெருவைக் கேட்பார்கள். மழுப்பினால் உடனே தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளையும் உங்கள் பதிலையும் அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். ஆய்வாளரின் நிலைப்பாடு என்று ஒரு பகுதி எழுதச் சொல்வார்களே, அதற்கான சரக்கு இதுதான். கூடவே, பேசினால் பணம் வருமா, லோன் கிடைக்குமா, மகளிர் உரிமைத் தொகைக்குச் சொல்வீர்களா என்றும் கேட்பார்கள். முடியாது என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடை நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். பீடி கொடுக்கப் போகும் முன்னால் உள்ள இரண்டு மணி நேரத்தில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். மற்ற நேரத்தில் சுற்றிக்கொண்டே பேசுவார்கள், அது நல்லதுதான். கை ஓடும்போது வாய் தாராளமாக வரும். ஆனால் ரெக்கார்டரைத் தரையில் வைக்காதீர்கள். இலை வெட்டும் கத்தரிச் சத்தமும் மிக்ஸியும் டி.வி.யும்தான் பதிவாகும். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொண்டால் எழுத்தாக்கத்தில் அதன் விலை திரும்பிவிடும்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல முடியாது. அவரிடமும் ஒரு பேட்டி எடுங்கள், முதலில் அவரிடமே எடுங்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் அவர் எழுந்து போய்விடுவார். போகவில்லை என்றால் காசு, சண்டை பற்றிய கேள்விகளை அன்றைக்கு விட்டுவிட்டு, கடைக்குப் போகும் வழியில் கூட நடந்துகொண்டே கேளுங்கள். வீட்டில் அடிக்கிறாரா என்று தாளைப் பார்த்து வாசிக்கும் கேள்வி, உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரியாதவர் கேட்கக் கூடாத கேள்வி. 181 பெண்கள் உதவி எண், 15100 இலவசச் சட்ட உதவி. இரண்டையும் தகவல் தாளில் மற்ற எண்களோடு எண்ணாக அச்சிட்டால், வேறு யார் பார்த்தாலும் சந்தேகம் வராது.

8. எழுத்தாக்கம்

அன்றைய ஒலியை அன்றே இரண்டு இடத்தில் நகலெடுங்கள். பெயருக்குப் பதில் குறியீடு. பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு. நெல்லைப் பேச்சை அப்படியே தமிழில் எழுதுங்கள், நேரடியாக ஆங்கிலத்தில் எழுதாதீர்கள்; மேற்கோளாக எடுக்கும் பகுதியை மட்டும் பிறகு மொழிபெயர்த்தால் போதும். தானாக எழுதித் தரும் செயலிகளில் ஏற்றுவதாக இருந்தால் ஒலி யாருடைய சர்வருக்குப் போகிறது என்று பாருங்கள். குழுவுக்கு நீங்கள் கொடுத்த வாக்குறுதியில் அது இல்லை என்றால் ஏற்றக் கூடாது.

9. கட்டுரை வெளியிடும்போது

"ஸ்கோபஸ் ஜர்னலில் பத்து நாளில் போட்டுத் தருகிறோம்" என்று வாட்ஸப்பில் செய்தி வர ஆரம்பிக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம். யு.ஜி.சி. தான் ஏற்கும் ஆய்விதழ்களுக்கு வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னமும் "கேர் பட்டியலில் உள்ள இதழ்" என்று விளம்பரம் செய்பவர்கள் பழைய பலகையைத்தான் காட்டுகிறார்கள். அது மட்டுமில்லை, 2022 விதிமுறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற தேசியக் கட்டாயமே இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதித்திருக்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழ் எழுதுபவரிடம் காசு கேட்பதில்லை, ஆனால் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் சிக்கல் இல்லை. 10-லிருந்து 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உங்கள் பழைய கட்டுரையிலிருந்தே எடுத்துப் போட்டாலும் மென்பொருள் சிவப்பில் காட்டும். எங்கிருந்து எடுத்தது என்று அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.

10. திருப்பிக் கொடுப்பது

பேசியவர்களுக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் அச்சடித்துக் கொடுங்கள். நூறு இருநூறு பிரதிக்கு ஜெராக்ஸ் காசுதான் ஆகும். வைவா முடிந்த பிறகு என்று தள்ளினால் நடக்காது, அதற்குள் வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். வரைவு தயாரானதும், ஆய்வேட்டைக் கட்டுவதற்கு முன்பே போங்கள், எண் தப்பாக இருந்தால் "கழிவு இவ்வளவு கம்மியாவா போடுறான்?" என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள், திருத்த நேரமும் இருக்கும். கூலி அட்டவணையைக் கடையில் காட்டிப் பேச ஒரு நகல் கேட்பார்கள். கொடுக்கலாம், தெருப் பெயர்கூட இல்லாத நகலாக. மூன்று பேர் மட்டும் சுற்றும் தெரு என்றால் பெயர் போடாமலே ஆள் யார் என்று கண்டிராக்டருக்குத் தெரிந்துவிடும்.

ஒலிக் கோப்பை எப்போது அழிப்பதாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்தீர்களோ, அந்தத் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். அழித்த பிறகு குழுவுக்கு நிறைவு அறிக்கை ஒன்று அனுப்ப வேண்டும். அதற்குப் படிவம் அலுவலகத்தில் இருக்கும், கேட்டால்தான் தருவார்கள்.